நம் மிதிவண்டியை நாமே பேணுவோம்

வாகனங்களுள் எளியது மிதிவண்டி. அதற்கு எரிபொருள் வேண்டா; புகையும் இல்லை. ஏழை எளியோரின் ஊர்தி என்று அதனை அழைப்பது மிகவும் பொருத்தமானதே. நம் தோழியருள் பலர் நாள்தோறும் மிதிவண்டியில் பள்ளிக்கு வருகின்றனர். ஆனால் அதனைப் பேணும் முறை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? காற்று இறங்கினால் அண்ணனைத் தேடுகிறோம். செயின் கழன்றால் வழிப்போக்கரை எதிர்பார்க்கிறோம். ஒருவரும் கிடைக்காவிட்டால் வண்டி வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஓட்டப் பழகுவது பாதிக் கல்வியே. பேணப் பழகுவதே மறுபாதி.

மிதிவண்டி பெண்களின் வாழ்வில் எத்தகைய மாற்றம் செய்யவல்லது என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சிறந்த சான்றாகும். 1990-களின் தொடக்கத்தில் அங்கு அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பெண்களுக்கு எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களின் வண்டிகளிலேயே பலர் பழகினர். தண்ணீர் கொண்டு வரவும், சந்தைக்குச் செல்லவும், பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் அவர்கள் பிறர் தயவை நாட வேண்டியதில்லாமல் போயிற்று.

தமிழக அரசும் 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி, 2005-2006 முதல் அதனை மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கு விரிவாக்கியது. அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் நம்மில் பலருக்கும் அவ்வண்டி கிடைக்கவிருக்கிறது. ஆகவே சில எளிய பழுதுகளை ஆபத்தின்றிச் சரிசெய்யும் முறைகளை இப்போதே அறிந்து கொள்வோம்.

வேலை தொடங்கும் முன்

சாலையோரத்தில் பழுது பார்த்தல் கூடாது. வண்டியைச் சமமான, வெளிச்சமுள்ள இடத்தில் ஸ்டாண்டிட்டு நிறுத்த வேண்டும். தாவணி அல்லது துப்பட்டாவை இழுத்துச் செருகி, பின்னலைக் கொண்டையாக முடித்து, வளையல்களைக் கழற்றி வைப்போம். சுழலும் சக்கரத்தில் அகப்பட்ட துணி நொடியில் நம்மையும் இழுத்துவிடும். சிறு குழந்தைகளை அருகில் விடலாகாது.

நட்டுக்குச் சரியான அளவுள்ள ஸ்பானரையே பயன்படுத்துவோம். அளவு பெரிதானால் அது நழுவி விரல் மொளியைக் காயப்படுத்தும். நட்டின் முனைகளும் மழுங்கிவிடும். கழற்றிய உறுப்புகளை ஒரு சிரட்டையில் இட்டு வைத்தால் ஒன்றும் தொலையாது. எந்த வரிசையில் கழற்றினோமோ, அதற்கு நேர் மாறான வரிசையில் பூட்ட வேண்டும். வலப்பக்கப் பெடல் சாதாரணத் திருகு உடையது. இடப்பக்கப் பெடலோ எதிர்த்திருகு உடையது. இதை அறியாமல் பலங்கொண்ட மட்டும் திருகுவோர் மரையைக் கெடுத்துவிடுவர்.

காற்றும் பஞ்சரும்

காற்று இறங்கியதும் பஞ்சர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் வால்வின் வாயில் ஒரு துளி நீர் வைப்போம். குமிழி வந்தால் குற்றம் வால்வு டியூபில் உள்ளது. அந்தச் சிறு ரப்பர் குழாயை மாற்றினாலே போதும்.

குமிழி வராவிட்டால் டயரைக் கழற்றி, டியூபில் சிறிது காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்தி ஓட்டையைக் கண்டறிய வேண்டும். அவ்விடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அதன் ஈரம் வற்றிய பின்பே பஞ்சர் துண்டை அழுத்தி ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. சொலூஷன் எளிதில் தீப்பற்றக் கூடியது. அதன் ஆவியும் தலைசுற்றலை உண்டாக்கும். எனவே அடுப்பங்கரையிலும் விளக்கின் அருகிலும் இவ்வேலை ஆகாது. டியூபைத் திரும்ப மாட்டும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்ப்போம். முள்ளோ ஆணியோ அங்கேயே இருந்தால் நம் உழைப்பு வீணாகும். வெறுங்கையால் தடவினால் விரலில் ஏறும்.

ஸ்காட்லாந்தில் பிறந்த டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று விரும்பியே காற்றடைத்த டயரை உருவாக்கி, 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். டயருக்குரிய ரப்பர் பால் நம் குலசேகரம், கீரிப்பாறை மலையடிவாரங்களிலேயே வடிக்கப்படுகிறது என்பது நமக்குப் பெருமையன்றோ!

செயின்

செயின் கழன்றால் ஓடும் வண்டியில் காலால் சரிசெய்ய முயலக் கூடாது. இறங்கி, ஸ்டாண்டிட்டு, முதலில் பின்சக்கரப் பல்லில் மாட்டுவோம். பிறகு முன்புறப் பெரிய பல்சக்கரத்தின் அடிப்பற்களில் பொருத்தி, பெடலைக் கையால் மெல்லப் பின்னோக்கிச் சுற்றினால் செயின் தானே ஏறிவிடும். அப்போது விரல் பல்லுக்கும் செயினுக்கும் இடையே இருக்கலாகாது.

முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் செயின் விரைவில் துருப்பிடிக்கும். நம் மாவட்டத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. எனவே நனைந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைத்துச் செயினுக்கு மெஷின் எண்ணெய் இடுவது இன்றியமையாதது. கைக்கு எட்டியது என்று தேங்காய் எண்ணெய் விட்டால், நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக் கொள்ளும்.

பிரேக்

எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக். பஞ்சரானால் பள்ளிக்குத் தாமதமாகும், அவ்வளவே; பிரேக் பிடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. தோவாளை வயல்வெளிச் சாலைகள் சமமானவை. கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலோ ஏற்ற இறக்கங்கள் மிகுதி. ஆதலால் நாள்தோறும் புறப்படும் முன் இரு பிரேக்குகளையும் அழுத்தி, வண்டியைத் தள்ளிப் பார்ப்போம். சக்கரம் சுழலக் கூடாது. பிரேக் ரப்பர் ரிம்மில் மட்டுமே பட வேண்டும். டயரில் உரசினால் டயர் கிழியும். தேய்ந்த ரப்பரை உடனே மாற்ற வேண்டும். ரிம்மில் ஒரு சொட்டு எண்ணெயும் படலாகாது. மழையில் ரிம் நனைந்தால் பிடிப்புக் குறையும். எனவே முன்கூட்டியே பிடித்து மெதுவாக இறங்குவோம்.

நம்மால் ஆகாதவை

சட்டத்தில் விரிசல், முன்கவை வளைவு, பல கம்பிகள் அறுந்த சக்கரம் ஆகியவற்றைக் கடைக்காரரிடமே ஒப்படைப்போம். நம் எல்லையை அறிவதும் அறிவே. எப்பழுதைச் சரிசெய்தாலும் சக்கர நட்டுகள் இறுகியுள்ளனவா எனப் பார்த்து, சிறிது தூரம் தள்ளிச் சென்று சோதித்த பின்பே ஏறி அமர வேண்டும்.

இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்கு அருகே கிசால்லோ குன்றின்மேல் அன்னை மரியாவின் சிற்றாலயம் ஒன்று உள்ளது. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அன்னையின் பாதுகாவலை வேண்டிப் புறப்படும் நாம், பிரேக்கையும் ஒரு முறை அழுத்திப் பார்த்துப் புறப்படுவோம். பதறாத காரியம் சிதறாது. நம் வண்டியை நாமே பேணி, பிறர் கையை எதிர்பாராமல் நம் பாதையில் முன்னேறுவோமாக!