ப்ரொபேஷனில் லீவு எடுத்தால் வேலை போய்விடுமா?

சட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸில் பிப்ரவரி முதல் தேதி ஜூனியர் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் ப்ரொபேஷன். ஜூலைக் கடைசியில் அதை இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பதாக மெயில் வந்தது. ஆகஸ்டில் டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'உடம்பைப் பார்த்துக்கோம்மா' என்று பதிலும் போட்டார். அப்புறம் அப்பத்தா இறந்துவிட்டதால் இரண்டு நாள் ஊருக்குப் போனேன்; போனில் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபின் ஒரு நாள் அசதியில் எழுந்திருக்கவே முடியவில்லை. அன்று மட்டும் யாருக்கும் தகவல் சொல்லவில்லை. மறுநாள் போனதும் எச்.ஆர். ஒரு கடிதத்தை நீட்டினார். 'அனுமதியின்றி அடிக்கடி வராததால் இன்றோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்' என்று இருந்தது. ஆகஸ்ட் சம்பளம் இன்னும் வரவில்லை. 'ப்ரொபேஷனில் இருப்பவரை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், எங்கே போனாலும் ஒன்றும் நடக்காது' என்கிறார்கள். உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: உண்மை இல்லை. உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் ஆஃபர் லெட்டரை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கடைகள், அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கென்று 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. உங்கள் வழக்கின் உயிர் அதன் 41-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமென்றால், தவறான நடத்தை என்று குற்றம் சாட்டி, விசாரணை வைத்து, அதைச் சாட்சியத்தோடு நிரூபித்திருக்க வேண்டும்.

நீங்கள் சேர்ந்தது பிப்ரவரி 1. ஜூலை 31-ஆம் தேதியோடு ஆறு மாதம் முடிந்துவிட்டது. கம்பெனி ப்ரொபேஷனை மூன்று மாதம் நீட்டிக்கலாம், ஆறு மாதம்கூட நீட்டிக்கலாம். அதனால் 41-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு தள்ளிப்போகாது. சட்டம் எண்ணுவது வேலை பார்த்த மாதங்களை. உங்களுக்கு நோட்டீஸும் தரவில்லை, ஒரு மாதச் சம்பளமும் தரவில்லை, விசாரணையும் வைக்கவில்லை. கடிதத்தில் மட்டும் 'அனுமதியின்றி வரவில்லை' என்று குற்றத்தை எழுதிவிட்டார்கள்.

அந்தக் குற்றச்சாட்டாவது நிற்குமா என்று பார்ப்போம். இதே சட்டத்தின் 25-ஆவது பிரிவு, வேலையில் சேர்ந்த முதல் பன்னிரண்டு மாதத்திலேயே, நோய்க்காக 12 நாள் வரையும், நியாயமான வேறு காரணத்துக்காக 12 நாள் வரையும் சம்பளத்தோடு கூடிய விடுப்பைத் தருகிறது. 'ப்ரொபேஷனில் லீவே கிடையாது' என்று பல ஆபீஸ்களில் சொல்கிறார்கள். அது அந்த ஆபீஸின் வழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் டெங்கு நாட்கள் ஆறும், துக்கத்துக்குப் போன இரண்டு நாளும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். எட்டு நாளுக்கும் தகவல் போயிருக்கிறது.

மிச்சம் இருப்பது அந்த ஒரு நாள். அதுதான் உங்கள் பலவீனம், மறைக்க வேண்டாம். டெங்குவுக்குப் பிறகு வாரக்கணக்கில் அசதி நீடிப்பது சாதாரணம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். ஒரு நாள் தகவல் சொல்லாதது கண்டிப்புக்கு உரியது. வேலையையே பறிப்பதற்கு அது நியாயமான காரணமா என்பதுதான் கேள்வி.

நம் உச்ச நீதிமன்றம் இதை எப்படிப் பார்த்திருக்கிறது என்பதற்கு இரண்டு வழக்குகள். எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் தானாகவே வேலை போய்விடும் என்ற நிலையாணையைக் காட்டி டி.கே. யாதவ் என்ற தொழிலாளியை ஒரு ஆலை நீக்கியது. அவர் தரப்பைக் கேட்காமல் நீக்கியது செல்லாது என்று 1993-இல் தீர்ப்பாகி, பாதிச் சம்பளப் பாக்கியோடு வேலையும் திரும்பக் கிடைத்தது. இன்னொருவர் அனூப் ஜெய்ஸ்வால், ஐ.பி.எஸ். பயிற்சியில் ப்ரொபேஷனில் இருந்தவர். 1981-இல் ஒரு மழைக்காலக் காலையில் பயிற்சிக்குத் தாமதமாக வந்ததில் தொடங்கிய விவகாரத்தில் விசாரணை இல்லாமலே அனுப்பப்பட்டார். உத்தரவு வெறும் 'விடுவிப்பு' போல எழுதப்பட்டிருந்தாலும் அதன் பின்னால் இருப்பது தண்டனைதான் என்று கண்டு, 1984-இல் அதை ரத்து செய்தது நீதிமன்றம். அவர் அரசு ஊழியர் என்பதால் அரசியல் சட்டப் பாதுகாப்பும் இருந்தது. தனியார் ஊழியரான உங்களுக்கு 41-ஆவது பிரிவுதான் கவசம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதலில் தேதியைப் பாருங்கள். பணிநீக்கக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். 'பேசிப் பார்க்கலாம்' என்று கம்பெனி இழுத்தடித்தால் இந்தக் கெடு போய்விடும். ஆஃபர் லெட்டர், நீட்டிப்பு மெயில், வாட்ஸ்அப் உரையாடல், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் இன்றே பிரதி எடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், வழக்கறிஞர் கிடைப்பார்.

சம்பளத்தை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தர வேண்டும். வராத நாளுக்குப் பிடித்தம் செய்யலாம். அந்த நாளுக்கான தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்க முடியாது. ரிலீவிங் லெட்டரை மெயிலில் எழுதிக் கேளுங்கள். 'நானாகவே ராஜினாமா செய்கிறேன்' என்று எழுதித் தந்தால் எல்லாம் தருகிறோம் என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் மேல்முறையீடு செய்யும் உரிமையே கைவிட்டுப் போகும்.

கேள்வி: சென்னையில் ஒரு கால் சென்டரில் சேர்ந்து நாலரை மாதம் ஆகிறது. மூன்று மாதக் கர்ப்பம். வாந்தியால் சில நாள் போக முடியவில்லை. 'ப்ரொபேஷன்தானே, நின்றுவிடுங்கள்' என்கிறார் டீம் லீடர். எனக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லையே?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு 41-ஆவது பிரிவு உதவாது. பொதுவாக அவர்கள் கேட்க முடிவது, ஆஃபர் லெட்டரில் உள்ள நோட்டீஸ் காலமும் சம்பளப் பாக்கியும்தான். உங்கள் நிலைமை வேறு. மகப்பேற்றுப் பயனுக்கு, பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். நாலரை மாதத்தில் அதைத் தாண்டியிருப்பீர்கள். கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, மருத்துவச் சான்று கொடுத்தால் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு தனி விடுப்பு உண்டு. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். கர்ப்ப காலத்தில் நீக்கினாலும் மகப்பேற்றுப் பணத்தை மறுக்க முடியாது. டீம் லீடரோடு வாய்ப்பேச்சு வேண்டாம். கர்ப்பத்தை உறுதிசெய்யும் மருத்துவச் சான்றை இணைத்து, வராத நாட்களின் தேதிகளைக் குறிப்பிட்டு, இன்றே எச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். கம்பெனிக்குத் தெரிந்தே உங்களை நீக்கினார்கள் என்பதற்கு அந்த மெயில்தான் சாட்சி.