பனியன் லேபிளில் ஆங்கிலப் பேச்சு

வளரறி மதிப்பீடு (அ) பகுதிக்காக ஆங்கிலத்தில் பேசச் சொன்னால், "மை நேம் இஸ்" என்பதைத் தாண்டிப் பலர் வாய் திறப்பதில்லை. திருப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லா பஞ்சம்? கட்டிங், செக்கிங், ஷிப்மென்ட் எல்லாம் வீட்டுப் பேச்சு. வாக்கியம்தான் வருவதில்லை.

ஏழாம் வகுப்பில் பனியன் லேபிள்களைப் படிக்கக் கொடுத்தேன். ஒருவர் 'டு நாட் பிளீச்' என்று படிக்க, அடுத்தவர் 'ஒய்?' என்று கேட்க வேண்டும். பக்கத்தில் முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருப்பதால் பொருள் ஓரளவு பிடிபடும். "கலர் வில் கோ" என்றாள் ஒரு மாணவி. நான் திருத்தவில்லை, அவள் சொந்தமாகச் சொன்ன வாக்கியம் அது.

கேட்டலுக்கு 'கலர்', 'காலர்' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வேன். சட்டையில் தொட்டுக் காட்ட வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த மாணவன் இதில் எல்லோரையும் முந்துகிறான்.

மதிப்பீட்டன்று வேறு லேபிள் தருகிறேன். பழையது என்றால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்!