வெளிநாட்டில் பேஸ் கிட்டார் வாங்கும்போது

பாடகர் குழுவுக்கு அடித்தளமாய் ஒலிப்பது பேஸ் கிட்டார். 1951-இல் அமெரிக்கர் லியோ ஃபெண்டர் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். (அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது வேடிக்கை!) தந்தியின் நீளமே 34 அங்குலம்; ஆகவே விமானப் பயணத்துக்குக் கெட்டியான பெட்டியும் சேர்த்து விலை பேச வேண்டும். ஒவ்வொரு மெட்டிலும் விரல் வைத்து மீட்டிப் பாருங்கள்; தந்தி இரைந்தால் வேண்டாம்.

விரல்பலகை என்ன மரம் என்றும் கேளுங்கள். 'இந்தியன் ரோஸ்வுட்' என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அது வேறொன்றுமில்லை, குரங்கணிச் சரிவுகள் அடங்கிய நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமே! அளவின்றி வெட்டப்பட்டதால், 2017-இல் அவ்வினம் முழுவதும் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது. வெட்டிய மரத்துக்கு அவ்விலக்கு இல்லை.