சோப், ரெஸ்ட், கிராஃப்க்யூஎல், ஜிஆர்பிசி: உங்கள் தொழிலுக்கு எது?

ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வாசல்தான் ஏபிஐ. அதை எந்தப் பாணியில் கட்டுவது என்ற பேச்சு வந்தால் பொறியாளர்கள் வேகத்தைப் பற்றி வாதிடுவார்கள். பணம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தச் சேவையை அழைக்கப் போவது யார்? செலவும் பலனும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

சோப்

1998-இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களும் டேவ் வைனரும் சேர்ந்து உருவாக்கியது. செய்தி முழுவதும் எக்ஸ்எம்எல்லில் போகும். எதைக் கேட்கலாம், என்ன பதில் வரும் என்பதை டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு முன்கூட்டியே வரையறுத்துவிடும். ஒவ்வொரு செய்திக்கும் தனியாகக் கையொப்பமிடலாம், மறையாக்கமும் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாட் எண் சரிபார்ப்புச் சேவையான விஐஈஎஸ் சோப் வழியில் இயங்குவது. எதிர்த்தரப்பு இதைத்தான் கேட்கிறது என்றால் கட்டுங்கள். நீங்களாகப் புதிதாகத் தொடங்க இன்று காரணம் குறைவு.

ரெஸ்ட்

ராய் ஃபீல்டிங் 2000-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் விளக்கிய பாணி. எச்டிடிபியில் ஏற்கெனவே உள்ள கெட், போஸ்ட், டெலீட் போன்ற கட்டளைகளே இதற்குப் போதும். கெட் பதில்களை இடையிலேயே கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைக்கலாம் என்பதால் சர்வர் செலவு குறையும். எந்த மொழியில் எழுதுபவரும் விரைவில் இணைந்துவிடுவார். முன்பின் தெரியாத வெளியாட்களுக்கு வாசல் திறக்க இதுவே ஏற்றது. 2006-இல் வந்த அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3 சோப், ரெஸ்ட் இரண்டையும் தந்தது; பிற்காலத்தில் வந்த புதிய வசதிகள் சோப்புக்குக் கிடைக்கவில்லை.

குறை: ஒரே திரைக்குத் தேவையான தகவலுக்குப் பல அழைப்புகள் போக நேரும். கேட்காத விவரங்களும் சேர்ந்து வரும்.

கிராஃப்க்யூஎல்

அந்தக் குறைக்கு ஃபேஸ்புக் தன் மொபைல் செயலிக்காக 2012-இல் கண்ட விடை; 2015-இல் பொதுவெளிக்கு வந்தது. எந்தெந்த விவரம் வேண்டும் என்று செயலியே ஒரே அழைப்பில் கேட்டு வாங்கும். திரைகள் அடிக்கடி மாறும் தொழிலில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் சர்வர் குழுவுக்காகக் காத்திருக்கும் நாட்கள் மிச்சமாகும். ஆனால் கேஷ் வசதியை எளிதாகப் பெற முடியாது. ஆழமான ஒரு வினவல் டேட்டாபேஸையே திணறடிக்கும். வரம்பு கட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும். 2016-இல் கிராஃப்க்யூஎல் வாசலைத் திறந்துவிட்ட கிட்ஹப் என்ற மென்பொருள் தளம் ரெஸ்ட்டையும் கைவிடவில்லை.

ஜிஆர்பிசி

கூகுள் 2015-இல் வெளியிட்டது. தரவு பைனரி வடிவில், எச்டிடிபி/2 வழியே போகும். அளவு சிறிது, வேகம் அதிகம். நிறுவனத்துக்குள்ளேயே பல சேவைகள் நொடிக்குப் பலமுறை பேசிக்கொள்ளும் இடத்தில் பலன் தெரியும். பிரவுசரிலிருந்து நேரடியாக அழைக்க முடியாது. நடுவில் ஒரு ப்ராக்ஸி தேவை.

முடிவெடுக்க

- அரசு, வங்கி போன்ற பெரிய எதிர்த்தரப்பு: அவர்கள் சொல்லும் பாணி.
- வெளியாட்கள், கூட்டாளிகள்: ரெஸ்ட்.
- உங்கள் சொந்தச் செயலியின் பலவகைத் திரைகள்: கிராஃப்க்யூஎல்.
- உள்ளுக்குள் அதிகப் போக்குவரத்து: ஜிஆர்பிசி.

இரண்டைக் கலந்தும் வைக்கலாம். வெளியே ரெஸ்ட், உள்ளே ஜிஆர்பிசி என்பது வழக்கமான ஏற்பாடு. உள்ளே இருப்பதை உங்கள் வசதிப்படி மாற்றலாம். வெளியே கொடுத்ததை மாற்றினால் வாடிக்கையாளரின் மென்பொருளும் மாற வேண்டும். அதுவரை பழைய பதிப்பையும் நீங்கள்தான் பராமரிக்க வேண்டும். நேரமும் பணமும் குறைவென்றால், முதலில் வெளிவாசலைத் தீர்மானியுங்கள்.