புத்தகப் பெட்டிகளைச் செலவு கனக்காமல் அனுப்ப…

வீடு மாறுகிறோம், ஓய்வு பெற்று ஊர்ப்பக்கம் போகிறோம், அப்பா சேர்த்துவைத்ததைத் தம்பி கேட்கிறான்… காரணம் எதுவானாலும் அலமாரியைக் காலி செய்யும் அன்றுதான் புத்தகத்தின் கனம் தெரியும். கனம்தானே தவிர, அது அதிக இடம் அடைக்காது. அதனால் கிலோ கணக்கில் காசு வாங்குகிறவரிடம் நமக்குக் கட்டுப்படியாகாது. இடத்தை அளந்து வாங்குகிறவரைப் பிடித்தால் கையைக் கடிக்காது. கிள்ளான் துறைமுகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு விமானத்துக்கு ஏன் கொட்டிக்கொடுக்க வேண்டும்?

1. அனுப்பாத புத்தகத்துக்குச் செலவே கிடையாது. ஆகவே முதலில் கழித்துக்கட்டுங்கள். பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் போன்று நாட்டுடைமை ஆனவர்களின் எழுத்துகள் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. தாத்தா காலத்து யாழ்ப்பாணப் பதிப்புகள் வைத்திருக்கும் பிரிக்பீல்ட்ஸ் குடும்பங்கள் இலங்கைத் தமிழ் நூல்களுக்கான ‘நூலகம்’ இணையத்தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2. அப்பாவின் கையெழுத்து, ஓரத்துப் பென்சில் குறிப்பு, பள்ளியில் பரிசாக வந்தது, நம் நாட்டு எழுத்தாளர்களின் பழைய பதிப்பு: இவை கட்டாயம் போக வேண்டியவை. 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டு வெளியீடு மாதிரி ஒன்று வீட்டில் இருந்தால் கார்கோவில் போடாதீர்கள், கைப்பையில் கொண்டுபோங்கள்.

3. சேகரம் ரொம்பப் பெரிதா? கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தபோது விட்டுச்சென்றது ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும். 1994-இல் அதை வாங்கிய சிகாகோ பல்கலைக்கழகமே அமெரிக்காவுக்குக் கப்பலேற்றவில்லை. சென்னையில் நூலகம் அமைத்து, மைக்ரோஃபிலிமில் படியெடுத்துக்கொண்டது. நாமும் அரியதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை நல்ல நூலகம் ஒன்றில் சேர்க்கலாம்.

4. விலை கேட்கப் போகும் முன் எடையும் அளவும் கையில் இருக்கட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி நின்று, பிறகு நம் எடையைக் கழித்தால் போதும். ‘சுமாரா இருக்கும்’ என்று சொல்கிறவருக்குச் சொல்லப்படும் விலையும் சுமாராகத்தான் இருக்கும்.

5. புத்தகத்துக்கென்றே செய்ததுபோல் ஒரு பெட்டி இருக்கிறது: ஏ4 தாள் வரும் பெட்டி. ஐந்து கட்டுத் தாள், அதாவது சுமார் 12 கிலோ தாங்கத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்! ஜெராக்ஸ் கடையிலோ ஆபீசிலோ முன்கூட்டியே சொல்லிவைத்தால் சும்மாவே கொடுப்பார்கள். பெரிய டிவி பெட்டியில் அடைத்தால் தூக்க ஆளும் கிடைக்காது, அடியும் தாங்காது.

6. பெரிய புத்தகத்தை அடியில் படுக்கவையுங்கள், சின்னதை மேலே. இடுக்கில் பழைய டீ-சட்டை, கைலியைச் செருகினால் துணியும் கூடவே போய்விடும். நாளிதழை அட்டைமேல் நேராகச் சுற்ற வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும்.

7. கடல்வழியில் பெரிய எதிரி ஈரம். பெட்டிக்குள் முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, புத்தகத்தை அடுக்கி, பையின் வாயை மடித்து ஒட்டுங்கள். மருந்துப் புட்டி, காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இப்போதிருந்தே சேர்த்துவைத்தால் அதற்கும் காசு இல்லை. முக்கியமாக, மழை கொட்டும் மாலையில் பெட்டி கட்டாதீர்கள். அந்த ஈரத்தையும் உள்ளேயே அடைத்துவிடுவோம்.

8. இப்போது கணக்கு. கூரியர்காரர்கள் பலரும் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஓர் எடை போடுவார்கள். அதுவா, உண்மையான எடையா, எது அதிகமோ அதற்குக் காசு. ஏ4 பெட்டிக்கு இந்தக் கணக்கில் 4 கிலோகூட வராது, தராசிலோ 12 கிலோ. கப்பலில் பல பேருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் ‘எல்சிஎல்’ முறையில் ஒரு கன மீட்டர் அல்லது 1000 கிலோ, இதில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். ஒரு கன மீட்டரில், அதுதான் கார்கோகாரர்கள் சொல்லும் ‘சிபிஎம்’, ஏ4 பெட்டி 50 வரை அடுக்கலாம். மொத்தம் 600 கிலோதான் வரும் என்பதால் ஒரே ஒரு சிபிஎம் விலையோடு முடிந்தது.

9. ஐம்பது பெட்டி இல்லையா? பல இடங்களில் குறைந்தபட்சக் கட்டணமே ஒரு சிபிஎம்தான், பாதி இடத்தைச் சும்மா விடாதீர்கள். கோயிலிலோ குடியிருப்பு வாட்சப் குழுவிலோ ஒரு வார்த்தை போட்டால், அதே ஊருக்குச் சாமான் அனுப்ப நினைக்கும் இன்னொரு குடும்பம் அகப்படும்.

10. கப்பல் கட்டணம் மலிவாகத் தெரிந்தால் உடனே மயங்க வேண்டாம். அந்தப் பக்கம் துறைமுகத்தில் இறக்குகூலி, கிடங்குக் கட்டணம், டெலிவரி ஆர்டர், சுங்க முகவர் கூலி என்று வரிசையாக வரும். எல்லாம் சேர்த்து வீட்டு வாசல் வரைக்கும் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிய பிறகே பெட்டியைக் கொடுங்கள்.

11. பத்துப் பெட்டிக்குள் என்றால் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலை, கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் உள்ள ‘டோர் டு டோர்’ கார்கோக் கடைகளில் விசாரியுங்கள். கப்பலா விமானமா, சுங்கச் செலவு சேர்த்தா சேர்க்காமலா என்று இரண்டும் கேட்டு, குறைந்தது மூன்று கடை ஏறி இறங்குங்கள். தீபாவளி நெருக்கத்தில் போகவே வேண்டாம்.

12. மரப்பெட்டி அடித்தால் பத்திரம் என்று தச்சரைக் கூப்பிடாதீர்கள். வெளிநாடு போகும் மரப்பெட்டி, மரப்பலகைத் தட்டு இரண்டுக்கும் பூச்சி நீக்கிய ‘ஐஎஸ்பிஎம் 15’ முத்திரை வேண்டும். அது தனிச் செலவு, மரத்தின் எடை வேறு. நல்ல அட்டைப்பெட்டியே போதும்.

13. குடும்பமாகச் சென்னைக்கோ திருச்சிக்கோ பறக்கிறீர்களா? பெட்டி எடையை விமான நிலைய கவுண்டரில் வாங்காமல், டிக்கெட் போடும்போதே இணையத்தில் வாங்குங்கள். ஆளுக்கொரு பெட்டியில் அடியில் புத்தகம், மேலே துணி என்று பிரித்துவிடலாம். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் ஏற்றமாட்டார்கள்.

14. ஈப்போ, பினாங்கு, ஜொகூர் போன்ற ஊர்களுக்குக் கூரியர் தேவையே இல்லை. சாமான் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லோரிக்காரர் யாராவது பாதி விலைக்கு ஏற்றிக்கொள்வார், தேதியில் மட்டும் நாம் வளைந்துகொடுக்க வேண்டும். இரண்டு மூன்று பெட்டிதான் என்றால் பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் விரைவுப் பேருந்துக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். சபா, சரவாக் என்றால் மறுபடி கிள்ளான் துறைமுகம்தான்.

15. ஒவ்வொரு பெட்டியிலும் ‘1/24, 2/24’ என்று எண் போட்டு, மூடும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். சுங்கப் படிவத்தில் பழைய புத்தகம், சொந்த உபயோகம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் பெட்டி பிரிக்கப்பட்டாலும் கேள்வி குறையும். சட்டி, மசாலா பாக்கெட் எதையும் நடுவில் சொருகாதீர்கள்.

16. இந்தியாவிலிருந்து இங்கே வரவழைப்பவர்களுக்கு: இந்திய அஞ்சல்துறை 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்று புத்தகங்களுக்காகவே ஒரு சேவை நடத்துகிறது, 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பல ஊர்களில் சிதறிக் கிடப்பதை உறவினர் வழியாக இப்படிச் சென்னையில் ஒரே வீட்டில் சேர்த்து, ஜனவரிப் புத்தகக் கண்காட்சி முடிந்ததும் மொத்தமாகக் கப்பலேற்றுங்கள். உள்துறை அமைச்சு 1984-ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி தடைசெய்த நூல் எதுவும் அதில் இல்லையே என்று பட்டியலைச் சரிபார்த்துவிடுங்கள்.

17. மிஞ்சியதை ‘பேப்பர் லாமா’ லோரிக்குக் கிலோ கணக்கில் தள்ளிவிடும் முன் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். மூட்டையோடு போய் நிற்காமல், முதலில் தலைப்புப் பட்டியலை வாட்சப்பில் அனுப்பினால் ஆசிரியர்கள் வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். வேண்டாதவை நம் வாசலிலேயே தங்கிவிடும். அவற்றுக்கு லோரிக்காரர் தருகிற சில்லறையில் ஒட்டுநாடா வாங்கிக்கொள்ளலாம்.