காமிக்ஸ் பேட்டியில் என்ன கேட்பது?

கேள்வி: காமிக்ஸ் ஓவியர்களுடன் பாட்காஸ்ட் நடத்தும்போது, படத்தைக் காட்டாமலே படைப்பு முறையைப் பேச வைப்பது எப்படி?

பதில்: 'ஐடியா எங்கிருந்து வருகிறது' என்ற கேள்விக்குப் பெரும்பாலான ஓவியர்களிடம் தேய்ந்த பதில் ஒன்று தயாராக இருக்கும். ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, எத்தனை கட்டம் என்று முடிவு செய்தது யார், பென்சில் கோட்டில் இருந்த எது மை போடும்போது காணாமல் போனது என்று கேட்டால் பேச்சு வேலைக்குள் இறங்கும். வசனம் முந்தியதா, படமா என்பதும் வீண் கேள்வி அல்ல: 1960களின் மார்வெலில் கதைச்சுருக்கத்தை வைத்து ஓவியர் வரைந்த பிறகே வசனம் எழுதப்பட்டது. பேச எடுத்துக்கொண்ட பக்கம் எப்படியிருக்கிறது என்று நேயர்களுக்கு விவரிப்பது தொகுப்பாளர் பொறுப்பு. பலர் இதை மறந்து, 'அந்த மூன்றாவது கட்டம் இருக்கிறதே' என்று தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள்.

வேலைக்குள் இறங்கும் இப்படிப்பட்ட பேட்டிக்கு நல்ல முன்மாதிரி, 'தி ஸ்பிரிட்' காமிக்ஸைப் படைத்த வில் ஐஸ்னர். 1980களில் 'ஷாப் டாக்' என்ற தொடருக்காக ஜாக் கிர்பி, ஜோ குபர்ட், ஹார்வி கர்ட்ஸ்மன் உள்ளிட்ட சக கலைஞர்களை அவரே பேட்டி கண்டார். கிர்பி இளம் வயதில் ஐஸ்னரின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். இருவருக்கும் தொழில் தெரியும் என்பதால் விளக்கவுரை தேவைப்படாத உரையாடல் அது. தொழில் தெரியாத தொகுப்பாளர் அந்தக் குறையை வாசிப்பால்தான் நிரப்ப வேண்டும்.