செய்மதிப் படமும் ஆற்றுவாழைக் கட்டுப்பாடும்

கமக்காரர்களே!

பெரும்போக மழையின்போது கல்முனை, நாவிதன்வெளிப் பகுதி வயல்களின் வெள்ளம் வடிய வேண்டுமாயின் நீரோடும் வழிகள் திறந்திருத்தல் அவசியம். கிட்டங்கியில் அவ்வழியை ஆற்றுவாழை அடைப்பதை நீங்கள் அறிவீர்கள்.

தென்னமெரிக்கப் பூண்டாகிய இதனை ஒழிக்க 1909ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. இது நீரை மூடினால் ஒளி உட்புகாது, பிராணவாயு குறையும், மீன்குஞ்சுகள் மடியும், ஆம்பல் முதலிய நாட்டுப் பூண்டுகள் அருகும்.

செய்மதி காட்டுவது யாது?

லான்ட்சற் செய்மதிகள் 1972ஆம் ஆண்டு முதல் புவியைப் படம்பிடித்து வருகின்றன. 2015ஆம் ஆண்டிற் செலுத்தப்பட்ட சென்டினல்-2 வகைச் செய்மதி 10 மீற்றர் சதுர நிலத்தையும் பிரித்துக் காட்டும். பச்சிலை, கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க்கதிரைத் தெறிக்கச் செய்யும். நீரோ அதனை உறிஞ்சிவிடும். ஆகவே, படத்தில் வெறுநீர் இருண்டும், பூண்டு மூடிய நீர் ஒளிர்ந்தும் தோன்றும். ஒரே மாதத்துப் படங்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டால், பூண்டு பரவும் திசையும் அளவும் விளங்கும்.

காட்டாதது யாது?

மழைக்கால முகில் படத்தை மறைக்கும். ஒடுங்கிய வாய்க்கால் தெளிவாகத் தெரியாது. மூடியிருப்பது ஆற்றுவாழையா, சல்வீனியாவா, ஆம்பலா என்பதைப் படத்தை மட்டும் கொண்டு உறுதிசெய்தல் கடினம். அவ்வேறுபாடு முக்கியமானது: 1986ஆம் ஆண்டு இந்நாட்டில் விடப்பட்ட கூன்வண்டு சல்வீனியாவை உண்டு அழிக்கும், ஆற்றுவாழையை அழிக்காது. ஆதலால் நேரிற் பார்த்தறிதல் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. செப்டெம்பர் மாதத்தில் வடிவாய்க்கால்களை நடந்து பாருங்கள்.

2. இடம், திகதி, பூண்டின் பெயர், மூடிய நீரின் நீள அகலம், அங்கு காணும் மீன், பறவை ஆகியவற்றைக் குறித்துக் கமநல சேவை நிலையத்திற் கொடுங்கள். இக்குறிப்பே படத்தைச் சரிபார்க்க உதவும்.

3. ஆற்றுவாழையைப் பூக்குமுன் அகற்றுங்கள். அதன் விதை சேற்றிற் பல்லாண்டு உயிரோடிருக்கும்.

4. அகற்றியதை வெள்ளம் எட்டாத மேட்டிற் குவித்து உலர்த்துங்கள். பூக்காத செடிகளைக் கூட்டெருவாக்கி மரக்கறிப் பாத்திகளுக்கு இடலாம்.

5. நீரிற் களைநாசினி தெளிக்காதீர்கள். அழுகும் பூண்டு நீரின் பிராணவாயுவை மேலும் குறைக்கும்.

சிறிதாக இருக்கும்போதே அகற்றுவது எளிது. வெள்ளம் வந்தபின் அகற்ற முயல்வதாற் பயனில்லை என்பதை நினைவிற் கொள்க.